மலைக்கோட்டையும் மலையடிவாரத்துக் கிறிஸ்து ஆலயமும்

திருச்சிராப்பள்ளித் தெப்பக்குளத்தருகே வந்து நிற்பவரின் கண்கள் தாமாகவே மேல்நோக்கிச் செல்கின்றன. ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுள்ள அந்தத் தனிப்பாறை, கடைத்தெருவின் இரைச்சலுக்கு நடுவே, யாரோ கொண்டுவந்து நட்டுவைத்ததுபோல் நிமிர்ந்து நிற்கின்றது. உச்சிப்பிள்ளையார் கோயிலை அண்ணாந்து பார்த்தவர், குளத்தின் வடபுறத்தில் உள்ள பழைய சீர்திருத்தத் திருச்சபை ஆலயத்தைப் பாராமலே போய்விடுவர். அவ்வாலயத்துக்கு வழிபடச் செல்வோரோ, பாறையை நாள்தோறும் கண்டும் காணாதவராக இருக்கின்றனர். ஒரே கோட்டைக்குள் எழுந்த இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை.

சில ஆண்டுகளுக்குமுன் இறையியல் மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். காலையில் மலையேறிக் குடைவரைகளைக் கண்டுவிட்டு, மாலையில் ஆலயத்துக்குச் செல்வதாகத் திட்டம். படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், “ஐயா, மேலே இருப்பது அவர்களுடைய வரலாறு, கீழே இருப்பது நம்முடைய வரலாறு. இரண்டையும் ஒரே நாளில் ஏன் பார்க்கவேண்டும்?” என்று கேட்டார். வெயிலைக் காரணங்காட்டி நான் அப்போது நேரடியாக விடையளிக்கவில்லை. அக்கேள்விக்குக் காலந்தாழ்த்தி எழுதும் விடையாகவே இக்கட்டுரையைக் கொள்க.

முதலாவதாக, மேலே இருப்பது “அவர்களுடைய” வரலாறு என்று ஒருமையில் சொல்லிவிட இயலாது. பாறையின் உச்சிக்கருகே, பிள்ளையார் கோயிலின் பின்புறத்தில், துறவிகள் படுத்துறங்குவதற்கெனச் செதுக்கி மெருகிட்ட கற்படுக்கைகள் உள்ளன. அவை சமணத் துறவியருடையவை. அங்குள்ள குறும்பொறிப்புகளுள் ஒன்றைச் ‘சிரா’ என்று படித்து, அப்பெயரிலிருந்தே சிராப்பள்ளி என்னும் ஊர்ப்பெயர் பிறந்தது எனக் கருதுவோர் உண்டு. பள்ளி என்னும் சொல் துறவியர் உறைவிடத்தைக் குறித்த பழஞ்சொல் என்பதை நாம் அறிவோம். இவ்வூரின் பெயரிலேயே ஒரு பழைய சமயத்தின் தடம் பதிந்திருக்கின்றது. நாயன்மார் பாடிய காலத்தில் அப்பெயர் சிவனுக்குரிய தலத்தின் பெயராகவே ஆகிவிட்டது.

இரண்டாவதாகவும் சிறப்பாகவும் நாம் நின்று நோக்கவேண்டியது, பாறையின் மேற்பகுதியிலுள்ள பல்லவர் குடைவரையாகும். 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் அதனைக் குடைவித்தான். லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்பது அதன் பெயர். லலிதாங்குரன் என்பது அம்மன்னனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. முகப்பில் நான்கு தூண்கள். மகேந்திரன் காலத்துத் தூணுக்கே உரிய அமைப்பில், அடியும் முடியும் சதுரமாகவும், இடைப்பகுதி எண்பட்டையாகவும் அவை செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே ஒரு மண்டபம். அதன் கிழக்குச் சுவரில் மேற்கு நோக்கிய சிறு கருவறை. அதற்கு நேர் எதிரே மேற்குச் சுவரில், விரிசடையில் கங்கையை ஏற்கும் சிவபெருமானின் புடைப்புச் சிற்பம். பல்லவக் கலையின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக அறிஞர் இதனை மதிக்கின்றனர். அதைப்பற்றி எழுதப் புகுந்தால் இவ்விதழின் பக்கங்கள் போதா.

நாம் கருதவேண்டியது அச்சிற்பத்தின் இருமருங்கிலும் உள்ள தூண்களில் பொறிக்கப்பட்ட வடமொழிச் செய்யுட்களையே. ஹுல்ச் என்னும் செருமானிய அறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில், 1890-இல், இவற்றைப் பதிப்பித்தார். தரையில் கோயில் கொண்டிருந்தால் சோழநாட்டையும் காவிரியையும் நான் எவ்வாறு காண்பேன் என்று இறைவன் கேட்டதாகவும், அதற்கிசைந்து குணபரன் என்னும் மன்னன் மலைமேல் இவ்விருப்பிடத்தை அமைத்ததாகவும் ஒரு செய்யுள் கூறுகின்றது. மற்றொரு செய்யுள், எதிர்ப்பக்க நெறியிலிருந்து திரும்பிய ஓர் அறிவு, இலிங்கத்தின் வழியாக உலகில் பரவுவதாக என்று பொருள்படும். எதிர்ப்பக்க நெறி என்பதைச் சமணம் என்று கொண்டு, மன்னன் மதம் மாறியதற்கு இதுவே கல்லில் பொறித்த சான்று எனப் பலர் கொண்டனர். குணபரன் பெயரால் ஈச்சுரம் ஒன்று திருவதிகையில் எழுந்ததையும், இடிக்கப்பட்ட சமணப் பள்ளிகளின் கற்களே அதற்குப் பயன்பட்டதையும் பெரிய புராணம் கூறுவது இக்கருத்துக்கு வலுவூட்டிற்று.

ஆயினும் இச்செய்யுள் அத்துணை எளிதன்று. இலிங்கம் என்னும் சொல்லுக்குச் சிவலிங்கம் என்ற பொருளோடு, தருக்க நூலில் ஓர் உண்மையை அனுமானிக்க உதவும் அடையாளம் என்ற பொருளும் உண்டு. எதிர்ப்பக்கம் என்பதைக் குறிக்கும் வடசொல்லும் தருக்க நூலார் வழங்கும் கலைச்சொல்லே. எனவே கவிஞர் சொல் விளையாட்டாகவே இவ்வாறு பாடினார் என்றும், இதனை அப்படியே வாழ்க்கை வரலாறாக எடுத்துக்கொள்ளலாகாது என்றும் ஆய்வாளர் சிலர் வாதிடுவர். கல்லில் எழுதியிருக்கிறது என்பதாலேயே ஒரு செய்தி தெளிவாகிவிடுவதில்லை என்பதை, வேதநூல் விளக்கவுரை பயிலும் நம் மாணவர் இங்கே நின்று கற்றுக்கொள்ளலாம். என் கருத்தில், சிலேடை உண்மையைத் தள்ளிவிடுவதன்று. அறிவு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திரும்புதல் என்னும் கருத்து அங்கே ஐயமின்றி நிற்கின்றது. திருச்சிப் பாறை, பாட்டாக ஆயினும், ஒரு மனமாற்றத்தைப் பேசும் பாறை. “மதமாற்றம்” என்பது வெளிநாட்டார் கப்பலில் கொண்டுவந்த சரக்கு என்று கூறுவோரும், அவ்வாறு கூறக்கேட்டுத் தலைகுனிவோரும் மலையேறி அதனைக் காணுதல் நலம்.

பாறையைக் குடைந்த மன்னனின் கட்டடக் கொள்கையும் நோக்கற்பாலது. மண்டகப்பட்டுக் கல்வெட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றி மும்மூர்த்திகளுக்கும் கோயில் அமைத்ததாக அவனே பெருமை பேசுகின்றான். அழியும் பொருள்களை விலக்கி அழியாப் பொருளை நாடியது அவன் நோக்கம். இப்பெருமிதத்தை நினைவில் வைத்துக்கொள்க. அவன் விலக்கிய செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பின்னால் திரும்பி வரவேண்டியிருக்கும்.

பின்வந்த கட்டடங்களை விரைந்து கடந்து செல்வோம். மலையின் கீழ்ப்பகுதியில், தென்புறத்தில், 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் குடைவித்த குடைவரையில் சிவனுக்கும் திருமாலுக்கும் எதிரெதிரே கருவறைகள் உள்ளன. இடைப்பகுதியில், தாயுமானவர் கோயில் பல காலத்தும் வளர்ந்து பெருகிய கற்கோயில். காவிரி வெள்ளத்தால் வரவியலாத தாயின் உருவில் இறைவனே வந்து ஒரு பெண்ணுக்குப் பேறுகாலத்தில் உதவினான் என்னும் வரலாறு இத்தலத்துக்குரியது. நாயக்கர் காலத்தில் பாறையைச் சுற்றி இரட்டை மதிலும் அகழியும் அமைந்தன. குளமும் தெருக்களும் உருப்பெற்றன. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சொக்கநாத நாயக்கர் தலைநகரை மதுரையிலிருந்து இங்கே மாற்றியபோது, தம் பாட்டனார் திருமலை நாயக்கர் மதுரையில் கட்டிய அரண்மனையின் பகுதிகளைப் பெயர்த்தெடுத்துத் திருச்சியில் தம் அரண்மனைக்குப் பயன்படுத்தினார். மதுரை மகாலில் இன்று நாம் காண்பது அன்று எஞ்சிய பகுதியே. பள்ளியின் கல் ஈச்சுரமானதும், பாட்டன் அரண்மனையின் கல் பேரன் அரண்மனையானதும் நம் நாட்டுக் கட்டட வரலாற்றில் புதுமையல்ல.

1736-க்குப்பின் நாயக்கர் ஆட்சி முடிந்து, கோட்டை பலர் கைக்கு மாறிற்று. 1751 முதல் 1754 வரை இக்கோட்டையை முன்னிட்டே ஆர்க்காட்டு நவாபாவதற்குப் போட்டியிட்டோரும், அவர்கள் பின்னின்ற ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டனர். முகமது அலி வென்றார். ஆங்கிலப் படை கோட்டைக்குள் தங்கிற்று. கோயில் மலை, இப்போது எதிரியின் வரவை நெடுந்தொலைவு நோக்கும் காவல் மலையும் ஆயிற்று. இத்தகைய இடத்துக்குத்தான் 1762-இல் தரங்கம்பாடியிலிருந்து கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர் வந்து சேர்ந்தார்.

அப்போது அவருக்கு வயது 36. செருமானிய நாட்டில் ஹாலே நகரில் பயின்று, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழில் தேர்ந்தவர். திருச்சியில் அவர் தங்கிய இடத்தைப்பற்றி வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதிவைத்துள்ள குறிப்பு புகழ்பெற்றது. படைத்தலைவர் பிரெஸ்டன் அவருக்குப் பழைய இந்துக் கட்டடம் ஒன்றில் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தார். அந்த அறையில் அவருடைய கட்டிலும் அவரும் மட்டுமே கொள்ளும். நிமிர்ந்து நிற்பதற்குக்கூட உயரம் போதாது. அவருடைய வருவாய் மாதத்துக்குப் பத்து வராகன், அதாவது ஆண்டுக்கு 48 பவுன். உணவு சோறும் காய்கறியும். திருச்சியில் சீர்திருத்தத் திருச்சபையின் கட்டட வரலாற்றைத் தொடங்குவோர் 1766-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். நானோ தலை இடிக்கும் இந்த அறையிலிருந்தே தொடங்கவேண்டும் என்பேன். நம் சபை அங்கே ஓர் அயல் சமயத்தாரின் பழைய கட்டடத்துக்குள், இடம் கேட்டுக் குடியிருந்த நிலையில் தோன்றியது.

1763-இல் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்தது. உயிரிழந்தோர் பலர், பெற்றோரை இழந்த பிள்ளைகள் கைவிடப்பட்டு நின்றனர். சுவார்ட்ஸ் ஐயர் அவர்களுக்காகப் பணம் திரட்டிப் பள்ளியொன்றை ஏற்படுத்தினார். படைவீரரிடையே தொண்டாற்றுவதற்கென்றே ஆங்கிலம் கற்று, தொடக்கத்தில் அச்சிட்ட பிரசங்கங்களையே அவர்களுக்கு வாசித்தார். 1764-இல் யூசுப்கானுக்கு எதிராக மதுரையை முற்றுகையிட்ட படையில் காயமுற்றோரைத் தேற்றுவதற்கு அங்கும் சென்றார். அம்முற்றுகையில்தான் அவருக்கு அறை தந்த பிரெஸ்டன் மாண்டார். தொண்டுக்காக நவாப் வழங்கிய அன்பளிப்பை ஐயர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் பிள்ளைகளின் பள்ளிக்கே சேர்த்தார்.

இதன் பின்னரே ஆலயம். 1765-இல் தொடங்கிய கட்டடம், 1766-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள், பெந்தெகொஸ்தே திருநாளில், கிறிஸ்து ஆலயம் என்னும் பெயரோடு இறைவழிபாட்டுக்கென ஒப்படைக்கப்பட்டது. கோட்டைப் படையினரின் காணிக்கையே அதன் பெருமுதல். 1,500 முதல் 2,000 பேர் வரை கொள்ளத்தக்கது எனச் சேம்பர்ஸ் குறிக்கின்றார். கட்டிலும் ஆளும் மட்டுமே கொள்ளும் அறையில் வாழ்ந்தவர், நான்கு ஆண்டுக்குள் ஈராயிரம் பேருக்கு இடம் செய்தார். தமக்கென நல்ல வீடு கட்டிய பின்னரே ஆலயத்தைப்பற்றி நினைக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை போலும்!

இனி மேலேயுள்ள குடைவரையையும் கீழேயுள்ள ஆலயத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். குடைவரையின் உயிர்நிலை கருவறை. அது சிறியது, சிறியதாகவே இருக்கவேண்டுவது. அது இறைவன் உறையும் இடமாகக் கருதப்படுவதால், மக்கள் முன்னே வந்து கண்டு, வணங்கி, நகர்வர். ஒரே வேளையில் அனைவரும் உள்ளே இருக்கவேண்டும் என்னும் தேவை அக்கட்டடத்துக்கு இல்லை. சீர்திருத்தத் திருச்சபையின் ஆலயமோ ஒரு செவிக்கூடம். வசனம் உரைக்கப்படும்போது அனைவர் செவியிலும் விழவேண்டும். திருவிருந்து பரிமாறப்படும்போது அனைவரும் வந்து சேரவேண்டும். ஆகவே அதன் இலக்கணத்தை வகுப்பது கூட்டத்தின் அளவாகும். 1718-இல் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் சிலுவை வடிவில் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் இவ்விலக்கணத்துக்கு உட்பட்டதே. குடைவரையை அளக்க விரும்புவோர் சுவரிலிருந்து சுவருக்கு அளக்கலாம். செவிக்கூடத்தை அளக்க விரும்புவோர், கடைசியில் அமர்ந்திருக்கும் மூதாட்டிக்குப் பிரசங்கம் கேட்கிறதா என்று விசாரிக்கவேண்டும்.

இவ்வாறு கூறுவதால் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. மலையிலா எருசலேமிலா என்று சமாரியப் பெண் கேட்ட கேள்விக்கு ஆண்டவர் அளித்த விடை, இவ்விரு கட்டடங்களையும் ஒருங்கே சோதிப்பதாக அமைந்துள்ளது. நமக்குரிய சோதனையை நாமே முதலில் ஏற்கவேண்டும்.

அச்சோதனை இரண்டு இடங்களில் நம்மைத் தொடுகின்றது. ஒன்று, பணம். கிறிஸ்து ஆலயம் படையினரின் காணிக்கையால், நவாபின் ஆட்சிக்குட்பட்ட கோட்டைக்குள், ஆங்கிலத் துப்பாக்கிகளின் காவலில் எழுந்தது. இதனை மறைத்து எழுதும் சபை வரலாறுகள் நம்மிடம் உண்டு. இதனை மட்டுமே எழுதும் வரலாறுகளும் உண்டு. காணிக்கை கொடுத்த போர்வீரருள் பலர் கூலிக்குப் போரிட வந்த ஏழைகள் என்பதும், அவர்களுடைய பிள்ளைகளே அநாதைப் பள்ளியில் இருந்தனர் என்பதும், அதே கட்டடத்தில் தமிழ்ச் சபை தமிழில் வழிபட்டது என்பதும் உண்மை. யூசுப்கான் தூக்கிலிடப்பட்ட அதே 1764-ஆம் ஆண்டுப் போரின் காயங்களும் நன்கொடையும் இச்சபையின் பழைய கணக்கில் கலந்திருப்பதும் உண்மை. சுவார்ட்ஸ் ஐயர் இப்பிணைப்பை அறியாதவர் அல்லர். 1778-இல் தஞ்சைக்குப் பெயர்ந்து 1798-இல் அங்கே உயிர்நீத்த அவரை, மன்னரும் கம்பெனியாரும் ஒருங்கே நம்பினர் என்பது அவருக்குப் புகழ். அது அவருக்குச் சுமையாகவும் இருந்திருக்கவேண்டும்.

மற்றொன்று தரை. இதைச் சற்று விரித்தே கூறவேண்டும். கூட்டத்தை அளவாகக் கொண்ட கட்டடம் என்று பெருமையாகச் சொன்னோம். அக்கூட்டம் தரையில் எவ்வாறு அமர்ந்தது? 18-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் தொடர்ந்தது. மிஷனெரிமார் பலர் அதனைக் குடிமை வேற்றுமை என்று கருதிப் பொறுத்துக்கொண்டனர். திருவிருந்திலும் அவ்வேற்றுமை காணப்பட்டது. 1820-களின் இறுதியில் சில மிஷனெரிமார் இதனை மாற்ற முயன்றபோது, தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியாரே எதிர்த்து எழுதினார். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு விடப்படவேண்டும், அமர்வதிலும் நற்கருணை பெறுவதிலும் அது இருக்கலாகாது என்று திருமுகம் விடுத்தார். தஞ்சை, திருச்சி முதலிய சபைகளில் அது பெருங்கலக்கத்தை உண்டாக்கிற்று. பலர் சபையைவிட்டு விலகினர். ஈராயிரம் பேர் கொள்ளும் கூடத்தில், ஒரு பாய்க்கும் மறுபாய்க்கும் இடையே விட்டிருந்த சிறு இடைவெளியை மூடுவதே எல்லாவற்றிலும் கடினமான கட்டட வேலையாக இருந்தது. கருவறைக்குள் யார் நுழையலாம் என்று பிறரைக் கேட்குமுன், நம் திருவிருந்து மேசைக்கு யார் முன்னே, யார் பின்னே வந்தார்கள் என்று நம்மையே கேட்டுக்கொள்ள இத்தரை போதும்.

வில்சன் அத்தியட்சருக்கு முன்னே அப்பதவியிலிருந்த ஹீபர் அத்தியட்சரின் இறுதி நாளும் இக்கட்டடத்தோடு பிணைந்தது. திரித்துவத் திருநாளில் நாம் பாடும் புகழ்பெற்ற பாடலை இயற்றியவர் அவர். 1826-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள் உயிர்த்தெழுதல் பண்டிகையைத் தஞ்சைச் சபையாரோடு கொண்டாடிவிட்டு, ஏப்ரல் முதல் நாள் திருச்சிக்கு வந்தார். ஏப்ரல் 3, திங்கட்கிழமை விடியற்காலையில், கோட்டைக்குள் இருந்த இந்த ஆலயத்துக்கு வந்து தமிழ்ச் சபையாரோடு வழிபட்டுத் திடப்படுத்தல் நடத்தினார். போதிய மேய்ப்பரின்றிச் சபை தளர்ந்திருந்தமை அவரை வருத்திற்று. தங்குமிடத்துக்குத் திரும்பி, குளிக்க இறங்கிய நீர்த்தொட்டியிலேயே உயிர்நீத்தார். வயது 42. அவருடைய கல்லறை கண்டோன்மெண்டிலுள்ள தூய யோவான் ஆலயத்துக்குள் இருக்கின்றது. ஹீபர் நினைவாகத் திருச்சிக்கு வருவோர் அக்கல்லறையைக் கண்டு திரும்பிவிடுவது வழக்கம். அவர் கடைசியாக வழிபட்ட இடம் கோட்டைக்குள் இருக்கின்றது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியது அவ்வூர்ப் போதகரின் பொறுப்பு.

19-ஆம் நூற்றாண்டில் கோட்டை மதில்கள் தகர்க்கப்பட்டன, அகழி தூர்க்கப்பட்டது. அவை இருந்த வரிசையை இன்று மேலப்புலிவார்டு, கீழப்புலிவார்டு சாலைகள் காட்டிக்கொடுக்கின்றன. மேற்கே மெயின்கார்டு கேட் ஒன்றே வாயிலாக எஞ்சி நிற்கின்றது. அதனருகே 1890-களில் இயேசு சபையார் எழுப்பிய லூர்து அன்னை ஆலயத்தின் 200 அடிக்கும் மேற்பட்ட கோபுரம், மலையோடு போட்டியிடுவதுபோல் உயர்ந்து நிற்கின்றது. அழகிய கட்டடந்தான். ஆயினும் மலையோடு உயரத்தில் போட்டியிட எண்ணாத பழைய ஆலயத்தின்மீதே என் மனம் செல்கின்றது. எந்தப் படையின் காவலில் அது எழுந்ததோ அப்படையும் இல்லை, மதிலும் இல்லை, நவாபும் இல்லை, கம்பெனியும் இல்லை. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் பகுதியாகி, தமிழ்ச் சபையின் ஆலயமாகவே அது நிலைத்தது.

இப்போது செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் வருவோம். மகேந்திரன் பாறையில் எழுதுவித்தது ஆயிரத்து நானூறு ஆண்டுக்குப் பின்னும் படிக்கக் கிடைக்கின்றது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த நம் மிஷன் ஆலயங்கள் பெரும்பாலும் அவன் விலக்கிய பொருள்களாலேயே ஆனவை. சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளிவிடும். மூச்சுவிடும் சுவர் என்று பழைய கொத்தனார்கள் சொல்வார்கள். அதன்மீது சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல்லைப் பொடியாக்கிவிடும். பார்வைக்குச் சிமெண்டு உறுதி, உள்ளே அழிவு. கடுக்காய்நீர் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கின்றனர்; தேடினால் கிடைப்பர்.

நான் முன்பு ஊழியம் செய்த ஒரு கிராமச் சபையில், நூறாண்டைக் கடந்த ஆலயம் ஒன்றிருந்தது. நூற்றாண்டு விழாவை முன்னிட்டுச் சேகரக் கமிட்டியார் சுவருக்குச் சிமெண்டும் தரைக்கு மொசைக்கும் போட்டனர். அப்போது அங்கே போதகராக இருந்த நானும் கையொப்பமிட்டேன். சுவர் மூன்று மழைக்காலத்துக்குள் உப்புப் பூத்தது. அது போகட்டும், சுவரை மீண்டும் பூசலாம். தரை போடப்பட்டபின் முதிய அம்மையார் ஒருவர் என்னிடம் வந்து, “ஐயரே, எங்க பாட்டி காலத்துல நாங்க அந்தக் கயித்துக்கு இந்தப் பக்கந்தான் உக்காரணும். கயிறு கட்டுன வளையம் தரையில இருந்துச்சு. அதையும் பேத்துட்டாங்களா?” என்று கேட்டார். அந்த வளையத்தை நான் நாள்தோறும் மிதித்து நடந்திருக்கிறேன். எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் அது போனதற்காக மகிழ்ந்தாரா வருந்தினாரா என்பதும் எனக்கு விளங்கவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

பழைய ஆலயம் ஒன்றின் பொறுப்பை ஏற்கும் இளம் போதகர் பழுதுபார்க்கும் வேலை தொடங்குமுன் ஒருநாளை அதற்கென ஒதுக்கவேண்டும். அளவுநாடா, தாள், பென்சில் போதும். சுவரின் கனம், வாசல்களின் எண்ணிக்கை, எந்த வாசல் வழியாக யார் நுழைந்தனர் என்று முதியோர் சொல்வது, தரையிலும் தூணிலும் உள்ள வளையம், துளை, தேய்மானம் ஆகிய அனைத்தையும் வரைபடத்தில் குறித்து, நாளும் கையொப்பமும் இட்டு, ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் பெட்டியிலேயே வைக்கவேண்டும். மேலே மலையில் கேள்வி கேட்ட மாணவர் இப்போது ஒரு சேகரத்தில் போதகராக இருக்கின்றார். தம் ஆலயத்தின் படத்தை வரைந்து சென்ற மாதம் எனக்கு அனுப்பியிருந்தார். வடபுறச் சிறுவாசல் எப்போது, எதற்காக அடைக்கப்பட்டது என்று தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.